வானத்திலிருந்து மான் தேடியவர்

அன்வர் பாட்சா தன் வாழ்நாளில் ஒரு கோழியைக்கூடத் துரத்திப் பிடித்தவரில்லை. ஆனாலும் கலிஃபோர்னியாவின் டப்ளினில் எந்தத் தமிழரைக் கேட்டாலும், லிவர்மோர் மலைகளில் எந்த மான் எந்த மரத்தடியில் படுத்திருக்கிறது என்று சொல்லக்கூடியவர் அவர் ஒருவர்தான் என்பார்கள். அப்படிச் சொல்லும்படி ஊரைப் பழக்கியவரும் அவர்தான் என்பது வேறு விஷயம்.

திருச்சிக்காரர். சான் ஹோசேயில் ஒரு கம்ப்யூட்டர் சிப் கம்பெனியில் வேலை. சிப்புகளின் படத்தைப் பெரிதாக்கி, எங்கே கீறல், எங்கே தூசி என்று தேடுவதுதான் பிழைப்பு. நாள் முழுக்க அதைப் பார்த்துக் கண் பூத்துப் போய், ஃப்ரீவேயில் ஊர்ந்து வீடு வந்து, சாப்பிட்ட கையோடு மறுபடி கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்துவிடுவார். கூகிள் எர்த் வந்த புதிது. ஊர் உலகமெல்லாம் அதில் தன் வீட்டுக் கூரையைப் பார்த்துப் பூரித்துக்கொண்டிருந்தது. இவர் மான் தேடினார்.

காரணம், மச்சான். மனைவி தாஜ் நிஷாவின் அண்ணன் ஃபைஸ் முகமது, உறையூரில் இரும்புக்கடை வைத்திருப்பவர், இளவயதில் முயல் அடித்த கதையை இன்றுவரை சொல்லிக்கொண்டிருப்பவர். நோன்புக்கு முன்னால் அமெரிக்கா வருவதாக இருந்தார். போனில் ஒருநாள், "மாப்ளே, உங்களுக்கு உக்காந்து பாக்குற வேலைதானே, ஓடியாடுற வேலை எதுவும் தெரியாதுல்ல" என்று சிரித்தார். ரோஷம் வந்துவிட்டது இவருக்கு. "நீங்க வாங்க மச்சான், நான் வேட்டையாடின மான்ல பிரியாணி போடுறேன்" என்று சொல்லிவிட்டார். அதற்கும் மச்சான், "ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது மாப்ளே" என்றார்.

வாக்குக் கொடுத்தாகிவிட்டது. வேட்டைப் பாதுகாப்பு வகுப்புக்குப் போய்ப் பாஸ் பண்ணினார், லைசன்ஸ் எடுத்தார். ஆபீஸில் கூட வேலை பார்க்கும் டேல் என்ற வெள்ளைக்காரன் பரம்பரை வேட்டைக்காரன். அவனுடைய மாமாவுக்கு லிவர்மோருக்குக் கிழக்கே மலையில் மாட்டுப்பண்ணை. அங்கே சுட அனுமதியும் உண்டு, துப்பாக்கியும் டேல் தருவான். பழம் நழுவிப் பாலில் விழுந்ததென்று அன்வர் பாட்சா மகிழ்ந்தார்.

அவர் வேலை செய்த அழகைச் சொல்லியாக வேண்டும். ஆகஸ்ட் வெயிலில் மலையெல்லாம் காய்ந்த புல். அந்த மஞ்சளில் வடக்குச் சரிவில் மட்டும் ஓக் மரங்கள் கறுத்துத் தெரியும். வெயிலுக்கு மான் அங்கேதான் ஒதுங்கும். கீழே மாடுகளுக்காக வெட்டிய குட்டை. மாடு நடந்த தடம் மலையைச் சுற்றிச் சுற்றிப் படிபோலப் போகும். ஆனால் ஒரே ஒரு மெல்லிய கோடு, மரத்தடியிலிருந்து படிகளைக் குறுக்கே வெட்டிக்கொண்டு குட்டைக்கு இறங்கியது. சிப்பில் கீறல் தேடிய கண்ணுக்கு அது தப்பவில்லை. டேல் இருபது வருஷம் அந்த மலையில் நடந்தும் அந்தத் தடத்தைக் கவனித்ததில்லையாம்.

படங்களைக் கலரில் பிரின்ட் எடுத்துச் சாப்பாட்டு மேசையில் பரப்பினார். சிவப்பு மையில் வட்டங்கள், அம்புக்குறிகள். நுழையும் வழி, காற்று வீசும் திசை, பதுங்கும் இடம், திரும்பும் வழி.

தாஜ் நிஷா சாப்பாடு எடுத்துவைக்க வந்தவள் அப்படியே நின்றுவிட்டாள்.

"என்னங்க, இந்த வேலிக்கு அந்தப் பக்கம் வரிசையா கட்டடமா இருக்கே, அது என்ன?"

அன்வர் பாட்சா அப்போதுதான் அந்தப் பக்கம் பார்த்தார். "அதுவா, கவர்மென்ட் லேபோட டெஸ்டிங் இடம். வெடிமருந்து கிடிமருந்து ஏதோ பண்ணுவாங்க. அங்க ஆள் நடமாட்டம் இல்லாததாலதான் மான் இந்தப் பக்கம் பயமில்லாம வருது."

"இந்தப் பேப்பர கார்ல வச்சிக்கிட்டு விடியக்காலைல போவீங்க. வழியில போலீஸ் நிறுத்தினா?"

"மான் வேட்டைக்குப் போறேன்னு சொல்வேன்."

"பேர் கேட்டா?"

மகள் ரிதா எட்டிப் பார்த்து, "டாட், யூ லுக் லைக் த ஈவினிங் நியூஸ்" என்று, டிவி செய்தியில் காட்டும் தீவிரவாதியோடு அவரை ஒப்பிட்டுவிட்டுப் போனாள். அக்டோபரில் அவருக்குச் சிட்டிசன்ஷிப் இன்டர்வியூ. பதினாலு வருஷம் வரி கட்டி, ஒரு பார்க்கிங் டிக்கெட்கூட வாங்காமல் வாழ்ந்த மனிதர் அந்த மேசையில் கிடந்த காகிதங்களை வேறொருவன் கண்ணால் பார்த்தார். அவமானமாக இருந்தது. தப்பு செய்யாமலே அவமானப்பட முடியும் என்பது அன்றைக்குத்தான் அவருக்கு நன்றாகப் புரிந்தது.

"நீங்க போக வேணாம்" என்றாள் தாஜ் நிஷா. அவர் போகவில்லை.

ஆனால் மச்சானுக்குக் கொடுத்த வாக்கு? டேல் தனியாகப் போகட்டும், அவன் சுடட்டும், இடம் கண்டுபிடித்த பெருமை நமக்கு என்று மனதைத் தேற்றிக்கொண்டார். கறி ஹலாலாக வேண்டுமே. பள்ளிவாசலில் விசாரித்தார். டேல் ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போகிறவன். கிறிஸ்தவரும் வேதம் அருளப்பட்டவர்தான், இறைவன் பெயரைச் சொல்லிச் சுட்டால் அந்தக் கறி கூடும் என்று பதில் வந்தது. உடனே ஆபீஸ் கேன்டீனில் பாடம் ஆரம்பமானது. அன்வர் பாட்சா மெதுவாக, "பிஸ்மில்லாஹி அல்லாஹு அக்பர்" என்று சொல்லிக் கொடுத்தார். பக்கத்தில் இரண்டு மேசைகள் அமைதியாகிவிட்டன. டேல் அதையே தன் வெண்கலக் குரலில் நாலு முறை சொன்னான். யாரும் சாண்ட்விச்சிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

மச்சான் வந்திறங்கிய வாரக் கடைசியில் டேல் ஒரு ஐஸ்பெட்டியோடு வந்தான். உள்ளே வெள்ளைக் காகிதத்தில் சுற்றிய முழுத் தொடை. சிவப்பு வட்டம் போட்ட இடத்திலேயே, அந்தக் கோட்டிலேயே மான் இறங்கி வந்ததாம். "இவர் மேதை" என்று மச்சானின் கையைப் பிடித்துக் குலுக்கினான். பெருமையில் அன்வர் பாட்சாவுக்குச் சட்டை இறுகிவிட்டது. ஒரு பேச்சுக்குத்தான் கேட்டார், அந்த வார்த்தையைச் சொன்னாயா என்று.

டேல் பொய் சொல்லத் தெரியாதவன். முதல் மானுக்குச் சொன்னானாம், கேன்டீனில் சொன்ன அதே குரலில். மான் ஓடிவிட்டதாம். அதனால் இரண்டாவது மானுக்கு வாயைத் திறக்கவில்லையாம்.

கைக்கு எட்டியது வாய்க்கு எட்டவில்லை. டேல் போனதும் தொடை அப்படியே பக்கத்து வீட்டுக்குப் போனது. ஈரோட்டுக் கந்தசாமியும் சாரதாவும் அதை மிளகு போட்டு வறுத்து, விருந்துக்கு வந்தே ஆகவேண்டும் என்று எல்லோரையும் கூப்பிட்டார்கள். கந்தசாமி எலும்பைக் கடித்தபடி, "பாய், வீட்ல உக்காந்தே மான் நிக்கற எடத்தச் சொல்லிப்போட்டீங்களே, உங்கள மாதிரி வேட்டைக்காரன் எங்கூர்ல இல்லீங்க" என்றார். வேட்டைக்காரர் தயிர்சாதமும் உருளைக்கிழங்கு வறுவலும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். மச்சானுக்கும் அதே தட்டுதான்.

ஃபைஸ் முகமது வறுவல் வாசனையை மூக்கால் தின்றுகொண்டே, "ஒத்துக்கிறேன் மாப்ளே. கண்ணுன்னா கண்ணு. ஆனா கையில லைசன்ஸ் இருக்கு, சுடுறதுக்கு எடம் இருக்கு. நீங்களே போயிருந்தா இன்னைக்கு நாம சாப்பிட்டிருக்கலாம்ல. ஏன் போகல, பயமா?" என்று கேட்டு, வழக்கம்போலச் சிரிக்கத் தயாரானார்.

தாஜ் நிஷாதான் பதில் சொன்னாள்.

"மானுக்கு இவர் பேரு தெரியாதுண்ணே. அதுகிட்ட இவருக்கென்ன பயம்."

மச்சானுக்கு விளங்கக் கொஞ்ச நேரம் ஆனது. விளங்கியதும் அவர் சிரிக்கவில்லை. சட்டைப்பையில் இருந்த பாஸ்போர்ட்டைத் தொட்டுப் பார்த்துக்கொண்டு, "ஏர்போர்ட்ல என்னையும் தனியாக் கூப்பிட்டு ரெண்டு மணி நேரம் உக்கார வச்சாங்க மாப்ளே. உங்ககிட்ட சொல்ல வேணாம்னு இருந்தேன்" என்றார். பிறகு தன் தட்டிலிருந்த உருளைக்கிழங்கில் பாதியை எடுத்து அன்வர் பாட்சாவின் தட்டில் வைத்தார்.