காட்டுக்குக் கேட்ட வாய்ப்பாடு

கொடைக்கானல் மலையில், பூண்டியில், எங்கள் பள்ளிக்கூடம் மேட்டில் இருந்தது. காடுகள் அதற்குக் கீழே படிப்படியாக இறங்கின. பூண்டும் கேரட்டும் விளையும் நிலத்தைக் காடு என்றுதான் நாங்கள் சொல்வோம். வருடத்தில் பாதி நாள் மூடுபனி. காட்டில் குனிந்து நிற்பவர்களுக்குப் பள்ளிக்கூடம் தெரியாது, கேட்கும். காலையில் வாய்ப்பாடு எழுந்தால் பள்ளி திறந்தாயிற்று. சத்தமே வராத நாளில் வாத்தியார் மலையேறி வரவில்லை என்று பொருள். அன்று பெற்றவர்கள் மேலே வந்து பிள்ளைகளை வேலைக்கு இறக்கிக்கொள்வார்கள். இந்த வழக்கத்தை யாரும் வகுக்கவில்லை. யாரும் மீறவும் இல்லை.

ஒரே அறை, ஐந்து வகுப்பு, ஒரு வாத்தியார். 1979-இல் நான் மூன்றாம் வகுப்பு, அக்கா ஐந்தாம் வகுப்பு. அவள்தான் முன்சொல்பவள். அவள் ஒரு வரி சொல்ல, நாங்கள் எல்லோரும் சேர்ந்து அதைத் திருப்பிச் சொல்வோம். எங்கள் அய்யாவுக்கு எழுத்து தெரியாது. மகள் படிக்கிறாள் என்பதற்கு அவருக்கு இருந்த ஒரே சாட்சி அந்தக் குரல். மண்வெட்டியை ஊன்றி நின்று பக்கத்துக் காட்டுக்காரரிடம், "அந்தா, எம்புள்ள சொல்லுது பாரு" என்பார். ஐந்தை முடித்தால் கொடைக்கானலில் மிஷன் பள்ளி விடுதியில் சேர்ப்பதாக அக்காவுக்கு வாக்குக் கொடுத்திருந்தார். பெருமாள்மலைக் கடையில் அடுக்கியிருந்த தகரப் பெட்டிகளில் நீல நிறப் பெட்டி ஒன்றை அவள் தனக்கென்று பார்த்தும் வைத்திருந்தாள்.

அந்த ஜூனில் பழைய வாத்தியார் ஓய்வு பெற்றார். திண்டுக்கல்லிலிருந்து இளவயது டீச்சர் ஒருவர் வந்தார். புது முறையில் பயிற்சி பெற்றவர். "கிளிப்பிள்ளை மாதிரிச் சொல்ல வேண்டாம். யோசிச்சுச் செய்ங்க" என்று சொல்லி, வாய்ப்பாட்டை நிறுத்தினார். தட்டில் பீன்ஸ் விதைகளை வரிசையாக அடுக்கச் சொன்னார். ஒரு நாள் அக்கா தட்டைக் கால்வட்டம் திருப்பிவிட்டு அப்படியே உட்கார்ந்திருந்தாள்.

"ஏலே, இங்க பாரு. ஏழெட்டு வச்சேன். திருப்புனா எட்டேழாயிருச்சு. விதை அதே விதைதான்!"

வருடக்கணக்காக அவளே எங்களுக்கு முன்சொன்ன கணக்கு அது. அன்றுதான் அவளுக்குப் புரிந்தது. அதற்கு முன்னும் பின்னும் அவள் முகத்தை அப்படி நான் பார்த்ததில்லை.

அதுவரை காட்டில் அவசர வேலை இல்லை. ஆகஸ்டில் பூண்டு பிடுங்கத் தொடங்கினார்கள். காட்டுக்கு ஒன்றும் கேட்கவில்லை. ஒவ்வொரு வீட்டிலிருந்தும் வந்து பெரிய பிள்ளைகளை அழைத்துப்போனார்கள். கடைசியாக அய்யா வந்தார். கால் சேற்றோடு வாசலில் நின்றார்.

"டீச்சரம்மா, பள்ளிக்கூடம் நடக்குதுங்களா, இல்லீங்களா?"

"நடக்குதே! பாருங்க, பிள்ளைங்க கணக்குப் போடுறாங்க."

அவர் தட்டுகளைப் பார்த்தார். "பீன்ஸ் பெறக்குற சோலி எங்க காட்டுலயே கெடக்குங்க. அதுக்கு இம்புட்டு மேட்ட ஏறி வரணுமா?"

பிள்ளைகள் சிரித்தார்கள். டீச்சரும் சிரித்தார். அய்யா சிரிக்கவில்லை. "நீ வா புள்ள, வெரசா" என்றார். அக்கா விதைகளை டப்பாவில் கொட்டி மூடிவிட்டு எழுந்தாள்.

மறுநாள் பாதி அறை காலி. மற்றவர்கள் ஏன் வரவில்லை என்று டீச்சர் என்னைக் கேட்டார்.

"பள்ளிக்கூடம் கேக்கலைல, டீச்சர்" என்றேன்.

விளங்காமல் இரண்டாம் முறை கேட்டார். அடுத்த நாளிலிருந்து காலையில் முதல் வேலை வாய்ப்பாடு. விதைத் தட்டுகள் அதற்குப் பிறகுதான். ஒவ்வொருவராகப் பிள்ளைகள் திரும்பினார்கள். எங்கள் அய்யாவும் மனம் இளகினார். "இப்பத்தான் பள்ளிக்கூடம் நடக்குது. பூண்டு முடியட்டும், அனுப்புறேன்." பூண்டு முடிந்தது. ஒட்டன்சத்திரம் மண்டியில் கேரட்டுக்கு நல்ல விலை என்றார்கள். கேரட் முடியட்டும் என்றார்.

பின்னாளில், எண்பதுகளின் கடைசியில், ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் நானும் இந்த முறைகளின் வரலாற்றைப் படித்தேன். ஏடு ஆசிரியரிடம் மட்டும் இருந்த காலத்தில் பிள்ளைக்கு நினைவுதான் புத்தகம். அதனால் மனப்பாடம். அலுவலகங்களுக்கு எழுத்தர்கள் வேண்டியிருந்த காலத்தில் நல்ல கையெழுத்தும் பிழையில்லாத கணக்கும். அச்சுப் புத்தகம் மலிந்தபின் வாயை மூடிப் படிப்பது. அதன்பின் செய்து கற்பது. ஒவ்வொன்றும் முந்தையதைவிடச் சரியானதாகவே தோன்றியது. எங்கள் டீச்சர் செய்ததும் சரிதான். தட்டைத் திருப்பிய அக்காவைப் பார்த்தவன் வேறு எப்படிச் சொல்வேன்? ஆனால் சுவருக்கு வெளியே பனியில் நின்று காதால் பள்ளிக்கூடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தவர்களைப் பற்றி நான் படித்த எந்தப் பாடத்திலும் ஒரு வரி இல்லை.

அந்த வருடம் முடிவதற்குள் அக்கா பெரியவளானாள். அதன்பின் நீலப் பெட்டியின் பேச்சை யாரும் எடுக்கவில்லை. அதற்கு முந்தைய ஒரு காலையை மட்டும் சொல்ல வேண்டும்.

கேரட் பிடுங்கிக்கொண்டிருந்த நாட்கள். கை நீட்டினால் விரல் தெரியாத பனி. அக்காவுக்குப் பதில் முன்சொல்லும் பையனுக்குக் காய்ச்சல், வரவில்லை. டீச்சர் வேறொருவனை எழுப்பினார். அவன் கூச்சத்தில் வாயைத் திறக்காமல் நின்றான். அறை காத்திருந்தது. அப்போது கீழே பனிக்குள்ளிருந்து குரல் வந்தது.

"ஓரெட்டு எட்டு!"

நாங்கள் யோசிக்கவே இல்லை. திருப்பிச் சொன்னோம். "ஈரெட்டு பதினாறு!" என்றது காடு. சொன்னோம். டீச்சர் சுண்ணக்கட்டியைப் பிடித்தபடி சன்னலுக்குப் போனார். பதினாறெட்டு வரை அந்தக் குரல் ஓர் இடத்திலும் தடுக்கவில்லை. பிறகு நின்றது. அடுத்த வாய்ப்பாட்டுக்காகக் காத்திருந்தோம். வரவில்லை.

சாயங்காலம் வீட்டில் அக்கா கேரட் மண்ணைக் கையிலிருந்து கழுவிக்கொண்டே கேட்டாள்.

"எல்லாருக்கும் கேட்டுச்சாடா?"

"கேட்டுச்சு. டீச்சருக்கும் கேட்டுச்சு. அய்யா வஞ்சாரா?"

"வையல. பக்கத்துலதான் நின்னாரு. முடியுற வரைக்கும் மம்பட்டிய ஊனிக்கிட்டுக் கேட்டாரு."

"பெறகு?"

"பெறகு என்ன? கூடைய எடுத்து எந்தலையில தூக்கிவிட்டாரு."