எட்டு ஓட்டைத் தொட்டி

மேனாம்பேட்டில் நாங்கள் வாங்கிய பழைய வீட்டின் குளியலறையில் ஒரு பெரிய தொட்டி இருந்தது. ஆள் காலை நீட்டிப் படுத்துக் குளிக்கிற தொட்டி. பக்கவாட்டில் எட்டு ஓட்டைகள். சுவிட்சைப் போட்டால் அவற்றிலிருந்து தண்ணீர் பீறிட்டு வந்து முதுகையும் இடுப்பையும் பிடித்துவிடுமாம். வீட்டை எங்களுக்கு விற்றவர் பல வருடம் துபாயில் இருந்துவிட்டு வந்தவர். அங்கே எங்கேயோ பார்த்து ஆசைப்பட்டு இங்கே கொண்டுவந்து வைத்திருக்கிறார். அவர் ஆசை எங்கள் தலையில் விடிந்தது.

குடிவந்த வாரத்தில் என் கணவர் ஒரே ஒரு முறை அதன் மோட்டாரைப் போட்டுப் பார்த்தார். மோட்டார் உறுமியது. எட்டு ஓட்டைகளிலிருந்தும் கறுப்புக் கறுப்பாகத் துணுக்குகள் வந்து தண்ணீரில் மிதந்தன. குழாய்க்குள் தேங்கிப் பாசி பிடித்துக் காய்ந்திருந்த அழுக்கு. அவர் சுவிட்சை அணைத்துவிட்டு, "இதுல குளிச்சா, அதைக் கழுவத் தனியா இன்னொரு தடவ குளிக்கணும்" என்றார். அதற்குப் பிறகு அதில் யாரும் குளிக்கவில்லை. நான் எட்டு ஓட்டைகளையும் பசை வைத்து அடைத்தேன். ஒரு வாரம் காயவிட்டு, தேய்த்துக் கழுவி, அதில் தண்ணீர் பிடித்து வைக்க ஆரம்பித்தேன்.

தண்ணீர் விஷயத்தில் நான் கொஞ்சம் பைத்தியம்தான், ஒப்புக்கொள்கிறேன். என் கணவர் ஆவடியில் பாதுகாப்புத் தொழிற்சாலையில் வேலை பார்த்தார். அங்கே குவார்ட்டர்ஸில் எங்கள் பாதி ஆயுள் போயிற்று. காலையில் ஒரு மணி நேரம் தண்ணீர் வரும். அதற்குள் குடம், பக்கெட், அண்டா, கடைசியில் குக்கர் வரைக்கும் நிரப்பிவிட வேண்டும். ஒரு கோடையில் அந்த ஒரு மணி நேரமும் நின்றுபோனது. மகளை இடுப்பில் வைத்துக்கொண்டு லாரித் தண்ணீருக்கு வரிசையில் நின்றேன். என் முறை வந்தபோது லாரிக்காரர் குழாயை உதறிக் காட்டினார். நாலு சொட்டு விழுந்தது. காலிக் குடத்தோடு வீட்டுக்கு நடந்த அந்த நடை இன்னும் என் காலில் இருக்கிறது. காலிப் பாத்திரத்தைப் பார்த்தால் நிரப்பாமல் இருக்க முடியாது எனக்கு.

ஆகவே அந்தத் தொட்டியின் மேல் எனக்கு ஒரு மரியாதை உண்டு. ஊரே தண்ணீருக்கு அலைந்த ஒரு வருடம், எங்கள் தெருவில் என் வீட்டில் மட்டும்தான் தண்ணீர் இருந்தது. பக்கத்து வீட்டுக்காரர்கள் பக்கெட்டோடு வந்து, குளியலறை வாசலில் நின்று, "அக்கா, ஒரு பக்கெட் மட்டும்" என்றார்கள். அந்த வருடம் முழுக்க என் நடையே மாறிப்போயிருந்தது என்று என் கணவர் கேலி செய்வார். செய்யட்டும். மாறித்தான் இருந்தது.

போன வருடம் ஒரு காலை அந்தத் தொட்டியை நிரப்பக் குழாயைத் திறந்துவிட்டு, அடுப்பில் சாம்பார் பொங்குகிறதா என்று பார்க்கப் போனேன். போனவள் பருப்பைக் கடைந்தேன், தாளித்தேன், மறந்தேன். தொட்டி வழிந்து தரையெல்லாம் தண்ணீர். தொட்டிக்கும் சுவருக்கும் நடுவில் ஒரு முழ அகலத்துக்கு இடம் இருக்கும். அங்கே நின்றுதான் நாங்கள் பக்கெட் வைத்துக் குளிப்போம். என் கணவர் அங்கே கால் வைத்தார். வழுக்கித் தொட்டியின் விளிம்பில் இடுப்பு அடிபட விழுந்தார். எலும்பு முறிந்தது. ஆபரேஷன், ஆஸ்பத்திரி, வாக்கர். குழாயைத் திறந்துவிட்டது யார் என்று அவர் ஒரு நாளும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

டாக்டர் சொன்னது தெளிவாகத்தான் இருந்தது. குளிக்கிற இடத்தில் படி கூடாது, விளிம்பு கூடாது. உட்கார்ந்து குளிக்க ஸ்டூல் வேண்டும், பிடித்துக்கொள்ளச் சுவரில் கம்பி வேண்டும். எங்கள் குளியலறையில் வாக்கர் நுழையவே இடமில்லை. அதனால் அவர் குளியல் கொல்லைப்பக்கம் போனது. துணி துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் பிளாஸ்டிக் நாற்காலி. கொடியில் இரண்டு பழைய போர்வைகள் மறைப்பு. சுவரைப் பார்த்தபடி அவர் உட்காருவார், நான் சொம்பால் மொண்டு ஊற்றுவேன். வேலைக்குப் போன காலமெல்லாம் விடியும் முன்பே குளித்து, நெற்றியில் விபூதியோடு சைக்கிளை எடுத்தவர். இப்போது தலையைக் குனிந்துகொண்டு, "போதும், போதும்" என்று மட்டும் சொல்வார். போதுமான அளவு ஊற்றும் முன்பே சொல்வார்.

தொட்டியை எடுக்க வேண்டும் என்பதில் எல்லோருக்கும் ஒரே கருத்துதான். எடுத்துவிட்டு என்ன வைப்பது என்பதில்தான் நான் ஊசலாட ஆரம்பித்தேன். பெங்களூரில் இருக்கும் மகள் போனில், "அம்மா, அந்த டப்பைத் தூக்கிப் போட்டுட்டு சமமாத் தரை போடு. ஷவர் வை. இதுல யோசிக்க என்ன இருக்கு?" என்றாள். இருபத்து நாலு மணி நேரமும் தண்ணீர் வரும் அடுக்குமாடியில் இருப்பவளுக்கு யோசிக்க ஒன்றும் இல்லைதான்.

பூந்தமல்லி நெடுஞ்சாலையில் ஒரு பெரிய கடைக்குப் போனேன். வெந்நீர்த் தொட்டி மூட்டுக்கு நல்லது என்று யாரோ சொல்லியிருந்தார்கள். கடைக்காரர் புதிய தொட்டிகளைக் காட்டி, எதில் எத்தனை ஓட்டை, எது எப்படிப் பீய்ச்சும் என்று விளக்கிக்கொண்டே வந்தார். நான், "எத்தனை குடம் தண்ணி பிடிக்கும்? நாலு நாள் அப்படியே நிக்குமா?" என்று கேட்டேன். அவர் என்னை ஒரு மாதிரிப் பார்த்துவிட்டு, "மேடம், இது குளிக்கிறதுக்கு மேடம்" என்றார்.

அப்புறம் கதவு வைத்த தொட்டி ஒன்றைக் காட்டினார். வயதானவர்களுக்காகவே செய்ததாம். புடவையைச் சுருட்டிக்கொண்டு உள்ளே போய் உட்கார்ந்து பார்த்தேன். கதவைச் சாத்திவிட்டுத்தான் குழாயைத் திறக்க முடியும். கழுத்துவரை நிரம்பும் மட்டும் வெற்றுடம்போடு உட்கார்ந்திருக்க வேண்டும். குளித்து முடித்தபின் தண்ணீர் முழுக்க இறங்கும் வரை கதவைத் திறக்க முடியாது. ஈர உடம்போடு நடுங்கிக்கொண்டு என் கணவர் அதற்குள் சிறைப்பட்டிருப்பது கண்ணில் தெரிந்தது. வேண்டாம் என்று எழுந்தேன். அதில் தண்ணீர் சேர்த்து வைக்கவும் முடியாது என்பதும் என் கணக்கில் இருந்தது, அதை மறைக்கப் போவதில்லை.

நூம்பலிலிருந்து மேஸ்திரியை வரச் சொன்னேன். அவரிடம், தொட்டியை எடுத்துவிட்டு அந்த மூலையில் சிமென்டில் சின்னதாக ஒரு தண்ணீர்த் தொட்டி கட்டலாமா என்று கேட்டேன். அவர் குளியலறையைச் சுற்றிப் பார்த்தார்.

"இன்னாம்மா நீ? தொட்டிய எடுத்துட்டு தொட்டியே கட்ட சொல்ற. அப்பறம் சாரு எங்க குந்துவாரு?"

"சின்னதாத்தான். இந்த ஓரத்துல."

"இந்த ஓரத்துல கட்னா, அந்த ஓரத்துல ஆளு நிக்க முடியாது. ரெண்டுல ஒண்ணு சொல்லு."

எனக்குச் சுருக்கென்றது. அவர் போனபின் கோலமாவால் தரையில் கோடு போட்டுப் பார்த்தேன். இங்கே தொட்டி, இங்கே ஸ்டூல். சரிவரவில்லை. அழித்துவிட்டு மறுநாள் வேறு மாதிரி போட்டேன். ஒரு மாதம் இப்படியே போனது. மேஸ்திரிக்குப் போன் செய்வதும், வேண்டாம் என்பதும், மறுபடி செய்வதுமாக இருந்தேன். ஓர் இடத்தில் உட்கார முடியவில்லை. சோறு வடிக்கும்போதுகூடக் குளியலறையை அளந்துகொண்டிருந்தேன். என் கணவர் ஹாலில் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தார்.

ஒரு நாள் காலை அவர், "இன்னிக்குக் குளியல் வேண்டாம், உடம்பு சில்லுனு இருக்கு" என்றார். மறுநாள், "துடைச்சுக்கிட்டேன்" என்றார். அதற்கு அடுத்த நாளும் அதே பதில். துண்டைத் தொட்டுப் பார்த்தேன், காய்ந்து கிடந்தது. எனக்குக் கோபம் வந்துவிட்டது. "நான் வெந்நீர் வெச்சு, போர்வை கட்டி, எல்லாம் செஞ்சா, உங்களுக்கு வந்து உக்கார வலிக்குதா?" என்றேன்.

அவர் கொல்லைக் கதவு வரை வாக்கரைத் தள்ளிக்கொண்டு வந்து, விரலை மேலே காட்டினார். எங்கள் பின்சுவரை ஒட்டிக் கட்டிக்கொண்டிருந்த அடுக்குமாடி மூன்றாவது தளம் எழும்பியிருந்தது. பால்கனி இடத்தில் யாரோ நின்று போன் பேசிக்கொண்டிருந்தார்கள்.

"அங்கேருந்து பார்த்தா எல்லாம் தெரியுது" என்றார், குரலைத் தாழ்த்தி.

நான் சுற்றிலும் மறைப்புக் கட்டியிருந்தேன். மேலே பார்க்கவே இல்லை. தினமும் அந்தக் கட்டடத்தில் ஜல்லி கொட்டும் சத்தத்தைக் கேட்டுத் திட்டியவள்தான். அது எங்கள் தலைக்கு மேலே வளர்கிறது என்பது உறைக்கவில்லை.

உடனே மேஸ்திரிக்குப் போன் செய்தேன். சிமென்ட் தொட்டி கிடையாது, சமமான தரை, ஸ்டூல், கம்பி, கையில் பிடிக்கிற ஷவர், அவ்வளவுதான் என்றேன். திங்கட்கிழமை வருவதாகச் சொன்னார். என் கணவர் அதைக் கேட்டுவிட்டுப் பேப்பரை மடித்து வைத்தார். அன்று இரண்டு தோசை கூடுதலாகச் சாப்பிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை மாலை எங்கள் தெரு வாட்ஸப் குழுவில் செய்தி வந்தது. பைப் வேலை, இரண்டு நாள் தண்ணீர் வராது. நான் எழுந்து போனது எனக்கே தெரியாது. குழாயைத் திறந்துவிட்டேன். இந்த முறை பக்கத்திலேயே நின்று, வழியும் முன் மூடினேன். அதில் ஒரு பெருமை வேறு.

திங்கட்கிழமை கட்டிங் மிஷினோடு வந்த மேஸ்திரி தொட்டியைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"இன்னாம்மா இது, ரொம்பி கீது? நான் அறுக்க வந்தேனா, நீச்சல் அடிக்க வந்தேனா?"

"ரெண்டே நாள். தண்ணி வந்துரும். அதுக்கப்புறம் அறுங்க."

"ரெண்டு நாள் நான் சும்மா குந்திகினு இருக்க முடியாதும்மா. மாங்காட்டுல ஒரு ஊட்டு வேல கீது. அத்த முடிச்சிகினுதான் வருவேன்."

போய்விட்டார். என் கணவரிடம், "ரெண்டே நாள்தாங்க" என்றேன். அவர் தலையசைத்தார்.

இரண்டாம் நாளே தண்ணீர் வந்துவிட்டது. நான் தொட்டியைத் திறந்துவிடவில்லை. மேஸ்திரி எப்படியும் மாங்காட்டில் இருக்கிறார், அவர் வரும்போது பார்த்துக்கொள்ளலாம், இப்போதே எதற்கு வீணாக்க வேண்டும் என்று நினைத்தேன். ஒரு வாரம் ஓடியது. என் கணவர் படுக்கையறையில் ஈரத்துணியால் துடைத்துக்கொண்டு, அழுக்குத் தண்ணீரை நான் கொட்டுவதற்காக ஓரமாக வைப்பார்.

ஒரு காலை காய்கறி வாங்கிக்கொண்டு வீட்டுக்குள் நுழைந்தேன். குளியலறையிலிருந்து மடமடவென்று சத்தம். பையைப் போட்டுவிட்டு ஓடினேன். அவர் குளியலறை வாசலில் ஒரு கையால் வாக்கரைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார். இன்னொரு கையில் கைத்தடி. அதன் வளைந்த முனையில் தொட்டி அடைப்பானின் சங்கிலி தொங்கியது. தொட்டியின் நடுவில் தண்ணீர் சுழன்று உள்ளே போய்க்கொண்டிருந்தது.

"என்ன காரியம் பண்ணிட்டீங்க! அவ்வளவு தண்ணி!" என்று கத்தினேன். முதலில் என் வாயில் வந்தது அதுதான். அவர் விழுந்திருந்தால் என்பது அதற்குப் பிறகுதான் தோன்றியது.

அவர் திரும்பவில்லை. "மேஸ்திரிக்குப் போன் பண்ணிட்டேன். நாளைக்குக் காலையில வரேன்னாரு."

"என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமில்ல?"

"கேட்டா நீ கோலமாவு எடுப்ப."

கைத்தடியை வாக்கரில் மாட்டினார். பிறகு சொன்னார். "அன்னிக்கு விழுந்ததுக்கு நான் உன்னை ஒண்ணும் சொன்னதில்ல. இனிமேலும் சொல்ல மாட்டேன். எனக்கு நானே தண்ணி ஊத்திக்கணும். அவ்வளவுதான் கேக்கறேன்."

நான் கட்டிலில் போய் உட்கார்ந்தேன். வெட்கமாக இருந்தது. கோபமும் அடங்கவில்லை, அதையும் சொல்லத்தான் வேண்டும். என்றைக்கோ வரப்போகிற வறட்சிக்காக, எதிரில் உட்கார்ந்திருந்த மனிதரை இத்தனை நாள் அழுக்கோடு வைத்திருந்தேன். சத்தம் நின்ற பிறகு எழுந்துபோய் அவரைக் கைத்தாங்கலாக நாற்காலிக்குக் கூட்டி வந்தேன்.

மறுநாள் மேஸ்திரி தொட்டியை நாலாக அறுத்தார். அடியிலிருந்த குழாய்களை வெளியே இழுத்தபோது கறுப்புத் தண்ணீர் கொட்டியது. நான் கழுவிக் கழுவி வைத்த தொட்டிக்குள் இத்தனை வருடமும் அது இருந்திருக்கிறது. தொட்டித் துண்டுகளைக் குட்டி யானை வண்டியில் ஏற்றிப் போனார்கள். காலியான இடத்தைப் பார்க்க எனக்கு மனம் வரவில்லை. வாசற்பக்கம் போய் நின்றுகொண்டேன்.

டைல்ஸ் காய்ந்து, கம்பி பொருத்தி, ஸ்டூல் வந்தது. முதல் நாள் அவர் துண்டையும் சோப்பையும் வாக்கரில் தொங்கவிட்டுக்கொண்டு தானாகவே உள்ளே போனார். தாழ் போட வேண்டாம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அவர் தாழ் போட்டார். நான் கதவுக்கு வெளியே நின்றேன். ஸ்டூல் நகர்கிற சத்தம், கம்பியில் மோதிரம் உரசுகிற சத்தம். பிறகு ஷவர் திறந்தது. தண்ணீர் விழுந்துகொண்டே இருந்தது. ஒரு பக்கெட் ஆகியிருக்கும், இரண்டு ஆகியிருக்கும் என்று என் மனம் தன் பாட்டுக்குச் சொல்லிக்கொண்டிருந்தது. "பக்கெட்ல பிடிச்சுக் குளிங்க" என்று முப்பது வருடமாகக் கதவுக்கு வெளியிலிருந்து கத்தியவள் நான்.

சட்டென்று தண்ணீர் நின்றது. விழுந்துவிட்டாரோ என்று கதவில் கை வைத்தேன். உள்ளேயிருந்து அவர் குரல் வந்தது.

"ரொம்ப செலவாகுதோ? போதுமா?"

விருந்தாளி கேட்பதுபோல் கேட்டார். "குளிங்க" என்றேன். குரல் சரியாக வரவில்லை, அவருக்குக் கேட்டிருக்காது. கதவில் வாயை வைத்து, தெருவுக்கே கேட்கிற மாதிரிச் சொன்னேன்.

"குளிங்க!"

மறுபடி தண்ணீர் விழ ஆரம்பித்தது.