பால்கட்டுக்கு மருந்து கேட்டு வருபவர்கள்

மூலத்துக்குக் கூசாமல் மருந்து கேட்பவர்கள்கூட, பால்கட்டு என்று வந்தால் கடைக்கூரையைப் பார்க்கத் தொடங்கிவிடுவார்கள்.

வெள்ளவத்தையில் எங்கள் மருந்துக்கடையில் இந்தச் சங்கதிகளை என் மனைவி புவனாதான் பார்த்தாள். மருத்துவமாதுவாக இருந்து ஓய்வு பெற்றவள். அலுமாரிக்குப் பின்னால் நின்று அவள் சொல்வதைக் கேட்டதுதான் என் படிப்பு. அவள் போய் மூன்று வருடம். அவள் போன புதிதில், கடையை விற்றுவிட்டு வரச்சொல்லி மகள் கனடாவிலிருந்து கேட்டாள். அப்போது புவனாவைக் கேட்டு ஆட்கள் வந்துகொண்டிருந்தார்கள், அந்தப் பேரைக் காதால் கேட்க எனக்கு வேறு இடமில்லை என்று மகளிடம் எப்படிச் சொல்வது? தனியாகக் கடை திறப்பவர்களுக்கு இது விளங்கும்.

டை கட்டிய தம்பி

கொள்ளுப்பிட்டியில் வேலை செய்கிற பொடியன், கந்தோர் விட்டு நேரே வந்திருந்தான். "ஒரு கிறீம் வேணும்" என்றான். என்னத்துக்கு என்றேன். "புண்ணுக்கு." எங்கே புண் என்றதும் போனை எடுத்து மனைவியை அழைத்து, ஸ்பீக்கரில் போட்டு மேசையில் வைத்துவிட்டுத் தள்ளி நின்றான்.

முலைக்காம்பு வெடித்திருந்தது. கிறீம் பிறகு, முதலில் பிள்ளையின் வாயைப் பாருங்கள் என்றேன். வாயை நன்றாகத் திறந்து, காம்பைச் சுற்றியுள்ள கறுப்பையும் சேர்த்துக் கவ்வ வேண்டும். நுனியை மட்டும் சப்பினால் எந்தக் கிறீமும் ஆற்றாது. தம்பியின் மனைவி பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னாள்: "எல்லாம் சரி அங்கிள், போனை ஒருக்கா அன்ரியிட்டக் குடுங்கோ."

பூச்சரம்

யாழ்ப்பாணத்திலிருந்து மருமகளின் பிள்ளைப்பேறு பார்க்க வந்த அம்மா ஒருவர், புவனாவை முன்பே தெரிந்தவர். பிள்ளை பிறந்து நாலாம் நாள், மார்பு இரண்டும் கல்லுப்போல. கோயிலடியில் மல்லிகைச் சரம் வாங்கி வைத்துக் கட்டியும் வலி குறையவில்லையாம். மல்லிகை கட்டுவது பிள்ளைக்குப் பால் மறக்கடிக்கும்போது, பாலை வற்றவைக்க. அவருக்குப் பூ நினைவிருந்தது, காரணம் நினைவில்லை.

பூவைக் கழற்றச் சொன்னேன். பால் கொடுக்க முன் இளஞ்சூட்டுத் துணி வைத்து, கையால் கொஞ்சம் பீய்ச்சி இளக்க வேண்டும். அடிக்கடி கொடுக்க வேண்டும், கொடுத்தபின் குளிர்ந்த துணி வைக்கலாம். அவர் முகம் சுருங்கியது. "புவனா உயிரோட இருந்து இதைச் சொல்லியிருந்தா எனக்குக் கோவம் வந்திராது, நீங்கள் சொல்லத்தான் வருது."

வலது பக்கம்

கொட்டாஞ்சேனையிலிருந்து வந்தவளுக்குக் காய்ச்சல். வலது மார்பில் கட்டி, சிவந்து போயிருக்கிறதாம். நோகிறதென்று இரண்டு நாளாக அந்தப் பக்கம் பிள்ளைக்குக் கொடுக்கவில்லை. மருந்துக் குளிசை ஒன்றும் தரவில்லை, இன்றைக்கே டொக்டரிடம் போ, பாலை மட்டும் நிறுத்தாதே, நிறுத்தினால் இன்னும் கட்டும் என்றேன். எனக்கே புவனா பேசுவதுபோல இருந்தது.

பத்து நாள் கழித்து, மாசமாக இருந்த அக்காவோடு வந்தாள். முகம் தெளிந்திருந்தது. பொம்பிளையள் யாரும் இல்லையா என்று அக்கா கடைக்குள்ளே எட்டிப் பார்த்தாள். நான் வாயைத் திறப்பதற்குள் தங்கை முந்திக்கொண்டாள்: "யாரும் தேவையில்லக்கா, இந்த அங்கிளே போதும்."

புவனாவைக் கேட்டு இப்போது யாரும் வருவதில்லை. வேலையை ஒழுங்காகப் பழகிக்கொண்டவனுக்கு இப்படியும் ஒரு நட்டம் இருக்கிறது.