கரண்டு போனால் வரும் தண்ணீர்

வன்னியம்பட்டிக்குப் பக்கத்தில் இருந்த நூல் மில்லில் கரண்டு போனால் மேனேஜர் தலையில் கை வைப்பார். மில் கொடுத்த லைன் வீடுகளில் குடியிருக்கும் பெண்கள் சிரித்துக்கொண்டே குடத்தைத் தூக்குவார்கள். எண்பத்தேழு வாக்கில் அங்கே அப்படி ஒரு கூத்து நடந்தது.

மில்லுக்குப் பின்னால் ஓர் ஊற்று. கோடையிலும் வற்றாது, வாயிலும் வைக்க முடியாது, அவ்வளவு உப்பு. என்ஜினியர் காளிராஜ் அதற்கு ஒரு வழி கண்டுபிடித்தார். கரண்டு இல்லாதபோது மில்லை ஓட்டுகிற டீசல் ஜெனரேட்டரின் புகைக்குழாயை ஒரு தொட்டிக்குள் வளைத்துவிட்டு, தொட்டியில் ஊற்றுத் தண்ணீரை நிரப்பினார். குழாயின் சூட்டில் தண்ணீர் கொதித்து ஆவியாகி, வேறொரு குழாயில் குளிர்ந்து, நல்ல தண்ணீராகச் சொட்டியது. ஜெனரேட்டர் ஓடினால் தண்ணீர். நின்றால் இல்லை.

ஜெனரேட்டர் ஆப்பரேட்டர் ஞானதுரையை அதுவரை யாரும் திரும்பிப் பார்த்ததில்லை. டீசல் நாற்றம் என்று பஸ்ஸில்கூடப் பக்கத்தில் உட்கார மாட்டார்கள். இப்போது, "அண்ணாச்சி, என் குடத்தச் செத்த முன்னால வைங்க" என்று கெஞ்சினார்கள். அவரும் சட்டையைத் தேய்த்துப் போட ஆரம்பித்தார்.

அந்த வருஷம் மழை பெய்து அணை நிறைந்ததால் கரண்டு போகவே இல்லை. குழாய் காய்ந்தது. நூல் மிஷினில் அறுந்த இழைகளை ஒட்டும் அழகுத்தாய் ஒருநாள் வெறுங்குடத்தோடு வந்து நின்றாள்.

"என்ன அண்ணாச்சி, கரண்டாபீஸ்காரன் திருந்திட்டானா? போகவே மாட்டேங்குதே!"

கூட வந்தவர்கள் சிரித்தார்கள். அவள் குரலை இறக்கினாள். "மக பிள்ளை பெத்துருக்கா. பச்சப்பிள்ளைய இந்த உப்புல எப்படிக் குளிப்பாட்ட? ஒடம்பெல்லாம் பொரிப்பொரியா வந்துட்டு."

"நாளைக்குத் தண்ணி வரும்த்தா."

"ஒங்களுக்கு எப்படித் தெரியும்?"

"வரும்னா வரும்."

மறுநாள் காலை ஞானதுரை மெயின் சுவிட்சை இறக்கினார். மிஷின்கள் நின்றன. பிறகு ஜெனரேட்டரைப் போட்டார். அதற்குள் மில் முழுக்க இழைகள் அறுந்து கிடந்தன. பெண்கள் ஓடி ஓடி ஒட்டினார்கள். குழாயில் தண்ணீர் விழுந்தது.

மேனேஜர் கரண்டு ஆபீசுக்கு போன் செய்தார். லைன் சரியாக இருக்கிறது என்றார்கள். அப்படியானால் கோளாறு மில்லுக்குள்தான் என்று ஒவ்வொரு மிஷினாகக் குனிந்து பார்த்தார். ஞானதுரை டார்ச் அடித்துக்கொண்டே பின்னால் போனார். அழகுத்தாயின் மிஷின் மோட்டாரில் பஞ்சு அடைத்திருந்தது.

"இதுதான் மெயினத் தட்டிவிட்டிருக்கும். என்ன ஞானதுரை?"

"இருக்கலாம் சார்."

வாயிலிருந்து அது எப்படி வந்தது என்று அவருக்கே தெரியவில்லை. அழகுத்தாய் எதிரில்தான் நின்றாள். மோட்டாரைத் துடைக்காமல் விட்டாள் என்று நாலு பேர் அவளை ஏசினார்கள்; அன்றே வேலை போயிற்று. மாதக் கடைசிக்குள் லைன் வீட்டையும் காலி செய்ய வேண்டும்.

சாயங்காலம் அவள் தண்ணீர் பிடிக்க வந்தாள். "வேலை போச்சுன்னாலும் நீங்க சொன்ன வாக்கு போகல அண்ணாச்சி. பேரன் குளிச்சிட்டு அசந்து ஒறங்குதான்." ஞானதுரை தரையைப் பார்த்துக்கொண்டே குடத்தைத் தூக்கிவிட்டார். அவள் வைதிருந்தால்கூடத் தாங்கியிருப்பார்.

காளிராஜிடம் போய், "சார், மெயின எறக்குனது நான்தான்" என்றார்.

"யோவ், வெளிய சொல்லிராத. முதலாளி தொட்டியப் பிரிச்சு எறிஞ்சிருவாரு. அம்புட்டு சனத்துக்கும் தண்ணி போயிரும். ஒருத்திக்காகவா?"

அதைக் கேட்டதும் ஞானதுரைக்கு மூச்சு லேசானது. வீட்டுக்கு வரும் வழியில், அப்படி லேசானதை நினைத்து உடம்பு கூசியது. அதற்குப் பிறகும் பேசாமல்தான் இருந்தார்.

அழகுத்தாய் சாமான் ஏற்ற மாட்டுவண்டிக்குச் சொல்லிவிட்டாள் என்று கேள்விப்பட்ட அன்று மேனேஜர் அறைக்குப் போனார். எல்லாவற்றையும் சொன்னார். மேனேஜர் கத்தவில்லை.

"டார்ச் அடிச்சது நீர்தான?" என்று மட்டும் கேட்டார்.

அழகுத்தாயை மறுபடி வேலைக்கு எடுத்தார்கள். ஞானதுரையைப் பஞ்சு குடோனுக்கு மாற்றினார்கள். தொண்ணூற்று நாலில் ரிட்டயராகிற வரை அவர் அங்கேதான் பஞ்சுப் பொதி உருட்டினார். தொட்டியை யாரும் பிரிக்கவில்லை. பிரிப்பதாக முதலாளி ஒருநாளும் சொன்னதுமில்லை.

குடோனுக்கு மாறிய பிறகு முதல் தடவை கரண்டு தானாகப் போனபோது ஞானதுரையும் குடத்தோடு வரிசையில் நின்றார். முன்னால் அழகுத்தாய். வரிசை நகர்ந்தபோது திரும்பினாள்.

"வெவரம் தெரிஞ்சிருந்தா அந்தத் தண்ணியே வேண்டாம்னுருப்பேன். நாலு பேரு ஏசுனத ஒம்ம கண்ணு முன்னாலதான கேட்டுட்டு நின்னேன்."

அவள் முறை வந்துவிட்டது. குடத்தை நிறைத்து, ஒரு சொட்டுச் சிந்தாமல் இடுப்பில் ஏற்றிக்கொண்டு போனாள்.

ஞானதுரை குடத்தைக் குழாயடியில் வைத்தார். அது நிறைந்து வழிவது தெரியாமல் நின்றார்.

"வேய், தண்ணி வீணாப் போகுது, தள்ளும்" என்று பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது.