இழைமணிகளுக்கு லீவு கொடுத்தேன்

விரதம் பிடித்தால் உடம்பின் இழைமணிகளுக்கு லீவு கிடைக்கும் என்று நம்பினேன். சிரிக்காதீர்கள்.

தங்கச்சியின் மகள் ஆரணிக்குப் பன்னிரண்டு வயது. பிறப்பிலேயே இழைமணி நோய். மைட்டோகாண்ட்ரியா என்றால் சிலருக்கு விளங்கும். சாப்பாட்டைச் சக்தியாக்கும் குட்டி இயந்திரங்கள் அவளுடைய உடம்புக் கலங்களில், அதாவது செல்களில், சரியாக ஓடுவதில்லை. களைத்த இயந்திரத்தை என்ன செய்வோம்? நிறுத்தி ஆறவிடுவோம். கோப்பாய் வீட்டுத் தண்ணீர் மோட்டரை நான் அப்படித்தான் காப்பாற்றி வருகிறேன்.

விளங்காத நோய்க்குத்தான் எங்களிடம் வைத்தியம் அதிகம் — கவனித்திருக்கிறீர்களா?

வகுப்புப் பிள்ளைகள் எல்லோரும் கந்தசஷ்டி பிடிக்கிறார்கள், நானும் பிடிக்கட்டோ என்று அவள் கேட்டாள். தங்கச்சி வாயைத் திறக்குமுன் நானே அனுமதி கொடுத்தேன். தங்கச்சி பார்த்த பார்வை... சரி, விடுங்கள்.

முதல் நாள், காலை பதினொரு மணி. தங்கச்சி சந்தைக்குப் போயிருந்தாள். ஆரணி போர்வைக்குள் சுருண்டு கிடந்தாள்.

"என்ன பிள்ளை?"

"குளிருது மாமா."

வெளியே வெயில் முற்றத்தைப் பொரித்துக்கொண்டிருந்தது.

பிரிஜ் கதவில் மாதக்கணக்காக ஒட்டியிருந்த வைத்தியத் தாளை அப்போதுதான் முதன்முதலாக வாசித்தேன். 'பட்டினி இருக்கவே கூடாது.' தங்கச்சிக்கு போன் எடுத்தேன். அது சமையலறையில் மணியடித்தது.

ஓட்டோவில் அவள் கையை விடாமல் பிடித்திருந்தேன். "கெதியா விடுங்கோ தம்பி," என்று ஓட்டோக்காரனை அவசரப்படுத்தினேன்.

"பள்ளத்துக்கை விட்டா இன்னும் கெதியாப் போகலாம் அண்ணை."

ஆஸ்பத்திரியில் ஓர் இளம் டொக்டர் அவள் விரலில் குத்திச் சீனி பார்த்தார். "சீனியும் நல்லா இருக்கு, உடம்புச் சூடும் சரி."

"அப்ப ஏன் குளிருது?"

"கழுத்தடியிலை, தோளுக்கை, கபில நிறக் கொழுப்பு எண்டு கொஞ்சம் இருக்கு. மற்றக் கொழுப்பு சேமிச்சு வைக்கும். இது எரிஞ்சு சூடு தரும். எரிக்கிறது இழைமணி. அது பழுதெண்டா சிலருக்கு அந்த அடுப்பு வடிவா மூளாது. இவவுக்கு அதுதானோ எண்டு இப்ப சொல்லேலாது. ஆனா விறகில்லாமல் மட்டும் விடக்கூடாது. ஆர் விரதம் பிடிக்கச் சொன்னது?"

நான் கூரையில் சுற்றிய காற்றாடியை ஆராய்ந்தேன்.

"நான் பிடிக்கேல்லை டொக்டர்," என்றாள் ஆரணி. "ஏழு மணிக்குக் கஞ்சி, ஒன்பதுக்குப் புட்டு. மாமாவிட்டைச் சொல்ல வேண்டாமெண்டு அம்மா சொன்னவ. சொன்னா ஒரு மணித்தியாலம் விளக்கம் குடுப்பாராம்."

தன்னை ஏமாற்றியதற்காக யாராவது இவ்வளவு சந்தோஷப்பட்டிருப்பார்களா? கண் கலங்கியது. பிறகு... இருண்டது.

நீரிழிவு மாத்திரையை விழுங்கிவிட்டு வெறும் வயிற்றோடு விரதம் பிடித்தவன் அந்த வீட்டில் ஒரே ஒருவன்தான்.

குளுக்கோஸ் எனக்குத்தான் ஏற்றினார்கள். ஆரணி பக்கத்துக் கதிரையில் இருந்து பிஸ்கற் சாப்பிட்டாள்.