ஐலா அரங்கத்தைக் காலி செய்த நாள்

எங்கள் ஊர்க் கவுன்சிலர் ஐலா கொர்பெலாவுக்கு அலுவலகம் என்று ஒன்று கிடையாது. வீட்டின் முன்னறையில் முடி திருத்தும் கடை வைத்திருந்தார். ஊர்க்காரர்கள் தலை கழுவும் தொட்டியில் கழுத்தைச் சாய்த்து, கண்ணை மூடிக்கொண்டு குறைகளைச் சொல்வார்கள். கோடையென்றால் நாய், குப்பை, பக்கத்து வீட்டுப் பாட்டுச் சத்தம். நவம்பர் பிறந்துவிட்டால் பனி ஒன்றுதான்.

பனியென்றால் அது என் தலையில்தான் வந்து விடியும். நகராட்சியின் பனி தள்ளும் லாரியையும், முன்னால் பெரிய இரும்பு வாளி வைத்த லோடரையும் ஓட்டுபவன் நான்.

"மார்செல், ஹாக்லண்ட் வீட்டு வாசல்ல மலை மாதிரி குவிச்சிட்டுப் போயிட்டியாம். அந்தம்மா என் தொட்டியில படுத்துக்கிட்டு ஒரே அழுகை."

"ரோட்டுப் பனிய வேற எங்க கொண்டுபோய் வைக்கறது ஐலா? என் சட்டைப் பையிலயா?"

"அதெல்லாம் எனக்குத் தெரியாது. சாயங்காலத்துக்குள்ள நீ வந்து எடுத்துருவேன்னு சொல்லிட்டேன். வார்த்தையக் காப்பாத்து."

குளிர்காலம் முழுக்க அவர் வாழ்க்கை இப்படித்தான் போகும். காலையில் எழுந்ததும் ஜன்னல் வழியே தெருவைப் பார்ப்பார். யார் வீட்டுப் புகைபோக்கியில் புகை வரவில்லையோ அவர்களுக்குப் போன் போடுவார். முடி வெட்டுவதற்கு நடுவிலேயே பூட்ஸை மாட்டிக்கொண்டு கிளம்பி, தனியாக இருக்கும் கிழவர்களின் வாசலை மண்வாரியால் சுத்தம் செய்துவிட்டு வருவார். அதற்குள் பாதி வெட்டிய தலையோடு வாடிக்கையாளர் காபி குடித்துக்கொண்டிருப்பார்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஐலா பயந்த சுபாவம். ஏரி உறையவில்லை என்றாலும் பயம், சீக்கிரம் உறைந்துவிட்டாலும் பயம். கவுன்சில் கூட்டத்தில் அவர் கையைத் தூக்கினாலே, "இன்னிக்கு எது இடிஞ்சு விழப்போகுது ஐலா?" என்று யாராவது கேட்பார்கள். எல்லோரும் சிரிப்பார்கள். அவரும் சிரிப்பார். ஆனால் கேட்க வந்ததைக் கேட்காமல் உட்கார மாட்டார்.

அந்தப் பிப்ரவரியில் எங்கள் ஊரை ஒட்டிய சுப்பீரியர் ஏரி உறையவே இல்லை. திறந்து கிடக்கும் ஏரி எங்களுக்கு நல்லதல்ல. காற்று அதன் ஈரத்தை வாரிக்கொண்டு வந்து எங்கள் மேல் பனியாகக் கொட்டும். ஒரு வாரம் விடாமல் கொட்டியது. பிறகு ஒருநாள் மழை. பனி அந்த மழையை அப்படியே குடித்துக் கனத்தது. மறுநாள் எல்லாம் பாறையாக இறுகிவிட, அதன் மேல் மறுபடியும் பனி விழ ஆரம்பித்தது.

நெடுஞ்சாலையில் ஒரு சரக்கு லாரி வழுக்கி, நடுவில் மடங்கிக் குறுக்கே நின்றுகொண்டது. இரண்டு பக்கமும் சாலையை மூடினார்கள். நடுவில் மாட்டிக்கொண்டவர்களை நாங்கள் ஊருக்குள் அழைத்து வந்தோம். அறுபது பேர் இருப்பார்கள். லாரி ஓட்டுநர்கள், கைக்குழந்தைக்காரர்கள், வயசாளிகள். ஊரில் மின்சாரம் போய்விட்டது. ஜெனரேட்டர் இருந்த ஒரே பெரிய கட்டடம் கூரை போட்ட ஹாக்கி அரங்கம்தான். அங்கே கட்டில் போட்டு, பட்டாணி சூப் காய்ச்சிக் கொடுத்து, எல்லோரையும் படுக்க வைத்தோம்.

மேயர் அப்போது முழங்கால் அறுவைச் சிகிச்சைக்காகத் தண்டர் பே மருத்துவமனையில் இருந்தார். அவர் இல்லாதபோது பொறுப்பு ஐலாவுடையது. அதுவரை அந்தப் பொறுப்பில் அவர் செய்த பெரிய காரியம், ஒரு பள்ளிக்கூட விழாவில் ரிப்பன் வெட்டியது.

மறுநாள் மதியம் சூப் பாத்திரத்தைக் கழுவிவிட்டு ஐலா பெண்கள் கழிப்பறைக்குப் போனார். திரும்பி வந்தவர் முகம் வெளிறியிருந்தது. அரங்கத்தைப் பார்த்துக்கொள்ளும் என்ஸோ பெருட்டியைக் கூப்பிட்டார்.

"என்ஸோ, அந்தக் கதவு காலையில நல்லா சாத்துச்சு. இப்ப சாத்த மாட்டேங்குது. மேல முட்டுது. கூரை கீழ அமுக்குதோ?"

"குளிருல்ல. மரம் இறுகியிருக்கும்."

"அது இரும்புக் கதவு."

என்ஸோ தலையை நிமிர்த்திக் கூரையைப் பார்த்தார். முப்பது வருஷமாக அந்தக் கட்டடத்தைத் தன் குழந்தை மாதிரி பார்த்துக்கொண்டவர். யாராவது அதைக் குறை சொன்னால் தன்னைச் சொன்ன மாதிரி எடுத்துக்கொள்வார். "கூரைய நானே போய்ப் பாக்கறேன்" என்று வெளியே போனார். போன வேகத்தில் திரும்பினார். மீசையெல்லாம் பனி.

"ஏணிய வைக்க முடியல. காத்து ஆளையே தூக்குது. கூரை எங்க, வானம் எங்கன்னே தெரியல."

அப்போதுதான் மேலிருந்து அந்தச் சத்தம் கேட்டது. பெரிய சத்தம் இல்லை. யாரோ தடித்த கயிற்றைச் சுண்டிவிட்ட மாதிரி ஒரு சத்தம். படுத்திருந்தவர்களில் பாதிப் பேர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ஒரு குழந்தை மட்டும் அழுகையை நிறுத்திவிட்டு மேலே பார்த்தது. நானும் பார்த்தேன். விளக்குகள் லேசாக ஆடிக்கொண்டிருந்தன. உள்ளே காற்று இல்லை.

ஐலா மேயருக்குப் போன் போட்டார். பக்கத்தில் நின்ற எனக்கும் கேட்டது.

"நீ எதுக்கும் பயப்படுவ ஐலா, அது ஊருக்கே தெரியும். ஆனா நான் இங்க காலத் தூக்கி வச்சுக்கிட்டுப் படுத்திருக்கேன். அது சும்மா பயம்னு நான் எப்படிச் சொல்ல? நீதான் பாக்கற. நீயே முடிவு பண்ணு."

"இன்ஜினியர் யாராவது..."

"ரோடு மூடிக் கிடக்கு. யாரு வருவா?"

போனை வைத்துவிட்டு ஐலா சுவரில் சாய்ந்துகொண்டார். கையை ஏப்ரனுக்குள் விட்டுக்கொண்டார்.

"மார்செல், எனக்குப் பயமா இருக்குடா."

"எனக்கும்தான்."

"உனக்கு எப்பவாவதுதான் வரும். வந்தா அதுல அர்த்தம் இருக்கும். எனக்கு எப்பவும் இருக்கு. இது எந்தப் பயம்னு எனக்கே தெரியல."

போக வேறு இடம் இருந்தது, ஆனால் நல்ல இடம் இல்லை. மேட்டின் மேல் கத்தோலிக்கத் தேவாலயம். அதன் அடித்தளக் கூடத்தில் ஒரு விறகு அடுப்பு மட்டும் உண்டு. நல்ல நாளில் கையில் காபியை வைத்துக்கொண்டு நடந்தால் ஆறுவதற்குள் போய்ச் சேரலாம். அன்றைக்கு வாசல் படியில் நின்றால் தெருவிளக்குக் கம்பம் தெரியவில்லை. கைக்குழந்தைகளை அந்தக் காற்றில் இறக்குவதா? இறக்கி, யாராவது விறைத்துச் செத்தால்? இறக்காமல் இருந்து, மேலே இருப்பது கீழே வந்தால்?

மறுபடியும் அந்தச் சத்தம். இந்த முறை இரண்டு, அடுத்தடுத்து. ஆண்கள் உடை மாற்றும் அறைக்கு மேலே தூசி கொட்டியது.

ஐலா ஒரு நாற்காலியின் மேல் ஏறி நின்றார். "எல்லாரும் கோட்டு, பூட்ஸ் மாட்டிக்கோங்க. நாம தேவாலயத்துக்குப் போறோம். இப்பவே."

ஒரு லாரி ஓட்டுநர் கட்டிலை விட்டு எழவே இல்லை. "கவுன்சிலரம்மா, வெளிய எட்டிப் பாத்தீங்களா? கைய நீட்டினா கை தெரியல. இங்க சூடா இருக்கு, சூப் இருக்கு. கூரை கொஞ்சம் முனகுதுன்னு புள்ளைங்கள வெளிய தள்ளுவீங்களா? எங்கம்மாவும்தான் தினம் முனகறாங்க, இன்னும் நல்லாத்தான் இருக்காங்க."

சிலர் சிரித்தார்கள். ஐலா நாற்காலியை விட்டு இறங்கவில்லை. "எனக்குச் சரியாத் தெரியல. விழாமலும் போகலாம். ஆனா நீங்க யாரும் இதுக்குக் கீழ இருக்கறதப் பாத்துக்கிட்டு என்னால நிக்க முடியாது. எந்திரிங்க. தயவு செஞ்சு எந்திரிங்க."

கடைசியில் அவர்களை எழ வைத்தது என்ஸோதான். ஒன்றும் பேசாமல் தன் தொப்பியை எடுத்து மாட்டிக்கொண்டு வாசலில் போய் நின்றார். அந்தக் கட்டடத்தை விட்டு அவரே வெளியே போகிறார் என்று பார்த்ததும் உள்ளூர்க்காரர்கள் எழுந்தார்கள். அவர்களைப் பார்த்து மற்றவர்களும் எழுந்தார்கள். அந்த ஓட்டுநர் திட்டிக்கொண்டே ஒரு குழந்தையைத் தூக்கித் தன் கோட்டுக்குள் வைத்துக்கொண்டார்.

நான் லோடரை முன்னால் விட்டேன், நடை வேகத்துக்கும் குறைவாக. பின்னால் ஒரு நீளக் கயிறு கட்டி, எல்லோரும் அதைப் பிடித்துக்கொண்டு வர, கடைசியில் ஐலா. கண்ணாடியில் முதல் இரண்டு பேர்தான் தெரிந்தார்கள். மற்றவர்கள் இருக்கிறார்களா இல்லையா என்பது கயிற்றுக்குத்தான் தெரியும். வாழ்க்கையில் எத்தனையோ புயலில் வண்டி ஓட்டியிருக்கிறேன். அன்றைக்குப் போலப் பயந்ததில்லை. முன்னால் பள்ளம் வந்தால் நான் மட்டும் விழ மாட்டேன் என்ற நினைப்பு அது.

தேவாலயத்தில் தலைகளை எண்ணினோம். ஒன்று குறைந்தது.

வெர்னன் டைஸ் என்ற கிழவர். வின்னிபெக்கில் இருக்கும் மகளைப் பார்க்கத் தனியாகக் கார் ஓட்டிக்கொண்டு கிளம்பியவர். காது மந்தம். அவருக்கு முன்னால் வந்த பெண் சொன்னாள், "மாத்திரை கார்ல இருக்குன்னு என்னமோ சொன்னாரு. காத்துல சரியாக் கேக்கல. கயித்தப் பிடிச்சுட்டு வர்றாருன்னுதான் நெனச்சேன்."

"நான்தான் கடைசியில வந்தேன்" என்றார் ஐலா. "எனக்கு முன்னாலதானே இருந்திருக்கணும். நான் எப்படிப் பாக்காம விட்டேன்?"

யாரும் தடுப்பதற்குள் கயிற்றை இடுப்பில் கட்டிக்கொண்டார். நான் லோடரைத் திருப்பினேன். என்ஸோ வாளியின் பக்கத்தில் நடந்தார். வந்த வழியே போனோம், ஆனால் வந்த வழி அதற்குள் மூடிப்போயிருந்தது. ஐலா பக்கவாட்டில் கயிறு எட்டும் தூரம் போய்க் கூப்பிட்டுவிட்டுத் திரும்பி வருவார். மறுபடி போவார். "வெர்னன்! வெர்னன்!" காது கேட்காத மனிதரைக் கூப்பிடுகிறோம் என்பது எங்களில் யாருக்கும் உறைக்கவில்லை. போனவர் திரும்பி வரும்வரை இழுபடும் கயிற்றையே நான் பார்த்துக்கொண்டிருப்பேன். ஒரு தடவை அது தொய்ந்துவிட்டது. நான் ஹாரனை அழுத்தியபடி கத்தினேன். பிறகு கயிறு இரண்டு தடவை வெடுக்கென்று இழுபட்டது.

புதைந்துபோன ஒரு காரின் பின்னால் கிழவர் உட்கார்ந்திருந்தார். அது அவருடைய காரே இல்லை. அதன் கதவைத் திறக்கப் பார்த்து, கையுறையைக் கழற்றியிருந்தார். சாவியை இன்னும் விரலில் பிடித்திருந்தார், ஆனால் அது தன் விரல் என்று அவருக்குத் தெரியவில்லை.

அடுப்பின் பக்கத்தில் படுக்க வைத்தபின் ஐலா தன் கோட்டைத் திறந்து அந்தக் கையை எடுத்து அக்குளில் வைத்துக்கொண்டார். சாலை திறந்து ஆம்புலன்ஸ் வரும்வரை அந்த இடத்தை விட்டு நகரவில்லை. வெர்னன் பிழைத்தார். வலது கையில் விறைத்துப்போன மூன்று விரல்களை எடுத்துவிட்டார்கள்.

அரங்கத்தின் கூரை விழவில்லை.

அன்றும் விழவில்லை, மறுநாளும் விழவில்லை. சாலை திறந்ததும் வந்த இன்ஜினியர் உள்ளே போய் நெடுநேரம் பார்த்துவிட்டு வந்தார். கூரையைத் தாங்கும் இரண்டு இரும்புச் சட்டங்கள் வளைந்திருக்கின்றன, யாரும் உள்ளே போகாதீர்கள் என்றார். ஐலா அவரைக் கார் வரைக்கும் துரத்திக்கொண்டு போனார்.

"நாங்க உள்ளயே இருந்திருந்தா விழுந்திருக்குமா?"

"சொல்ல முடியாதும்மா."

"ஏதாவது ஒண்ணு சொல்லுங்க."

"விழுந்திருக்கலாம். நின்னிருக்கலாம். தெரியாதத நான் எப்படிச் சொல்ல?"

அதற்குப் பிறகு ஊர் இரண்டாகப் பிரிந்தது. அறுபது உயிர் என்றார்கள் சிலர். மூன்று விரல் என்றார்கள் சிலர். கோடையில் அரங்கத்தை இடித்தபோது அது லேசில் விழவில்லை. இயந்திரம் நாள் கணக்கில் மோதிக்கொண்டிருந்தது. "பாத்தீங்களா ஐலா, எவ்வளவு உறுதி!" என்று ஹாக்லண்ட் அம்மா தொட்டியில் படுத்துக்கொண்டே சொன்னார். ஐலா அவர் தலையைக் கழுவிக்கொண்டிருந்தார். தண்ணீரின் சூட்டைக் கொஞ்சம் குறைத்துவிட்டுக் கழுவினார், அவ்வளவுதான்.

ஆனால் இரவில் தூங்குவதில்லை என்று என்னிடம் சொன்னார். சில நாள் கனவில் கூரை விழுமாம், எல்லோரும் உள்ளே. சில நாள் எல்லோரும் கயிற்றை விட்டுவிடுவார்களாம். எந்தக் கனவு வந்தாலும் கடைசியில் நிற்பது தான்தான் என்றார்.

இலையுதிர் காலத்தில் ஒருநாள் நான் முடி வெட்டிக்கொள்ளப் போயிருந்தேன். போன் அடித்தது. கை ஈரமாக இருந்ததால் ஸ்பீக்கரில் போட்டார்.

"கவுன்சிலரம்மாவா? நான் வெர்னன் டைஸ். சத்தமாப் பேசுங்க, காது கேக்காது."

ஐலா கத்தரிக்கோலைக் கீழே வைத்தார். ஸ்பீக்கரை நிறுத்திவிடவும் தோன்றவில்லை அவருக்கு.

"வெர்னன்... கை எப்படி இருக்கு?"

"இருக்கறது நல்லா இருக்கு. ஒண்ணு கேக்கணும்னு ரொம்ப நாளா நெனச்சேன். மக கேக்க விடல, அவளுக்கு உங்க மேல கோவம். அந்தக் கூரை விழுந்துச்சா?"

ஐலா என்னைப் பார்த்தார். நான் பார்வையைத் தாழ்த்திக்கொண்டேன்.

"இல்ல வெர்னன்" என்று சத்தமாகச் சொன்னார். "விழல."

அந்தப் பக்கம் இருமலா சிரிப்பா என்று புரியாத ஒரு சத்தம் கேட்டது.

"அடக் கடவுளே. விழுந்துச்சுன்னுதான் இங்க எல்லார்கிட்டயும் சொல்லி வச்சிருக்கேன். நாங்க வெளிய வந்ததும் டமால்னு விழுந்துச்சுன்னு."

"மன்னிச்சிடுங்க."

"எதுக்கு? விழாததுக்கா?" கிழவர் இப்போது நிஜமாகவே சிரித்தார். "நான் கதைய மாத்தப் போறதில்ல. நீங்களும் இங்க யார்கிட்டயும் சொல்லிடாதீங்க."

போனை வைத்தபின் ஐலா கையைத் துண்டில் துடைத்துக்கொண்டார். அழுகிறாரோ என்று கண்ணாடியில் பார்த்தேன். அழவில்லை. ஜன்னலுக்கு வெளியே மேகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"வடக்க கருத்துக் கிடக்கு" என்றார். "லாரிக்கு இந்த வருஷம் பனி தள்ளற புது பிளேடு மாட்டியாச்சா?"

"அடுத்த வாரம் மாட்டறேன்."

"அடுத்த வாரமா? இந்த வாரமே கொட்டிட்டா என்ன பண்ணுவ?" என்றபடி என் தலையைப் பிடித்து நேராக்கிவிட்டுக் கத்தரிக்கோலை எடுத்தார்.