அம்மாவின் பணிச் சான்றில் மாறிய ஒரு வரி

எங்கள் அம்மா இறைவனிடம் சென்று ஓராண்டு நிறைகிறது. இந்த நினைவு மலரைப் பெறும் உறவினர்களும் நண்பர்களும் அவரை 'நர்ஸம்மா' என்று அறிந்தவர்கள். உங்களில் பலருடைய பிள்ளைகள் அவர் கையில் பிறந்தவர்கள். அவர் ஒரு காலத்தில் ராணுவ மருத்துவமனையில் லெப்டினன்டாக இருந்ததும் உங்களுக்குத் தெரியும். ஆனால் அங்கிருந்து எப்படி வந்தார், வந்த பிறகு ஒரே ஒரு வரிக்காக எத்தனை காலம் எழுதினார் என்பதை முழுதாக அறிந்தவர்கள் குறைவு. தவறாக அறிந்தவர்களும் உண்டு. மூத்த மகள் என்ற முறையில் நடந்ததை நடந்தபடி எழுதிவைக்கிறேன்.

குன்றாண்டார்கோவிலுக்கு வடக்கே ஒரு சிற்றூரில், நான்கு அண்ணன்மாருக்குப் பிறகு அம்மா பிறந்தார். கடலையும் வரகும் விளைந்த வானம் பார்த்த நிலம். பள்ளி இறுதி வகுப்பில் முதலாவதாக வந்தவரை அடுத்து என்ன செய்வது என்று வீட்டில் யாருக்கும் தெரியவில்லை. ராணுவச் செவிலியர் பயிற்சிக்கான விளம்பரத்தைப் பங்குத்தந்தை வீட்டுச் செய்தித்தாளில் பார்த்து, தாமே விண்ணப்பத்தை நிரப்பி அனுப்பிவிட்டார். தேர்வுக்கு அழைப்பு வந்தபோதுதான் விஷயம் வெளியே தெரிந்தது.

"பட்டாளத்துக்குப் பொம்பளப் புள்ளைய எவனாச்சும் அனுப்புவானா?" என்று தாத்தா சத்தம் போட்டாராம். பெரிய மாமாதான், "அது துப்பாக்கி புடிக்கவா போகுது? ஊசி போடப் போகுது. நான் கூட்டிட்டுப் போறேன்" என்று சென்னைக்கு அழைத்துச் சென்றார்.

பயிற்சி முடிந்து, தோளில் நட்சத்திரம் ஏறி, வடக்கே மலைப் பகுதியில் இருந்த ஒரு மருத்துவமனையில் அம்மா பணியில் சேர்ந்தார். தீக்காயப் பிரிவு. ஒருமுறை வீரர்கள் ஏறிச் சென்ற லாரி பள்ளத்தில் கவிழ்ந்து தீப்பிடித்தது. வரிசையாக வந்த அத்தனை பேரையும் கவனித்துவிட்டு, இரண்டு நாளுக்குப் பின் காலணியைக் கழற்றியபோது கால் வீங்கி, மறுபடி போட முடியவில்லை என்று சொல்லிச் சிரிப்பார். அந்த வார்டில்தான் கேரளத்துச் சாரம்மா ஆன்ட்டி அவருக்குத் தோழியானார். இருவரும் ஒரே அறை.

அப்போது பெண் செவிலிய அதிகாரிகளுக்கு ஒரு விதி இருந்தது. திருமணம் செய்துகொண்டால் பணியிலிருந்து விடுவித்துவிடலாம். சிலர் திருமணத்தைத் தெரிவிக்காமலே பணியில் இருந்தார்கள். அன்னவாசல் பக்கத்துப் பள்ளி ஆசிரியரான எங்கள் அப்பாவுக்கும் அம்மாவுக்கும் ஊர்க் கோவிலில் திருமணம் நடந்தது. விடுப்பு முடிந்து திரும்பியதும் அம்மா அதை எழுத்தில் தெரிவித்தார். எழுதுவதற்கு முன் சாரம்மா ஆன்ட்டி தடுத்திருக்கிறார். "எழுதாதே. உன் ஊர் எங்கே, இது எங்கே? யாருக்குத் தெரியப்போகுது?" என்று கேட்டாராம்.

"கல்யாணம் பண்ணிக்கிட்டு இல்லைன்னு ஒவ்வொரு ஃபாரத்துலயும் எழுதச் சொல்றியா? என்னால ஆகாது. தொடர்ந்து வேலை பாக்க அனுமதி குடுங்கன்னு நேராக் கேக்குறேன்."

கேட்டார். சில வாரங்களில் பணியிலிருந்து நீக்கும் ஆணை வந்தது. காரணம் என்ற இடத்தில் திருமணம் என்று இருந்தது. அதற்குக் கீழே இன்னொரு வரி: "பணித்திறன் போதாது."

திருமணத்துக்காக அனுப்பியதை அம்மா எப்படியோ தாங்கிக்கொண்டார். அந்த இரண்டாவது வரியைத் தாங்கவில்லை. அது எங்கிருந்து வந்தது என்று கேட்டதற்கு, அங்கே யாரும் பதில் சொல்லவில்லை.

ஊருக்குப் பெட்டியோடு வந்து இறங்கியவரைப் பார்த்துப் பேச்சுக் கிளம்பியது. "கல்யாணம் கட்டுனதுக்கா வேலையை விட்டு எடுப்பாய்ங்க? அங்கிட்டு வேற என்னமோ நடந்திருக்கு" என்று சொன்னவர்களில் நம் சொந்தக்காரர்களும் உண்டு. அவர்கள் மேல் இப்போது எங்களுக்கு வருத்தமில்லை. அம்மாவுக்கு அப்போதே இல்லை. அவர் குளத்தூர் வட்டாரத்துக் கிராம மருத்துவமனை ஒன்றில் செவிலியராகச் சேர்ந்து, மறுமாதமே பிரசவம் பார்க்கத் தொடங்கிவிட்டார். அப்பாதான் உள்ளுக்குள் குமைந்தார். "என்னைக் கட்டிக்கிட்டதால ஒனக்கு இப்படி ஆகிப்போச்சு" என்று அவர் சொல்லும்போதெல்லாம் அம்மா எழுந்து அடுக்களைக்குப் போய்விடுவார்.

நான் கல்லூரியில் சேரும் ஆண்டில், முன்னாள் படைவீரர் பிள்ளைகளுக்கான இடத்துக்கு விண்ணப்பிக்கலாம் என்று யாரோ சொன்னார்கள். அம்மாவும் நானும் ஆணையை எடுத்துக்கொண்டு முன்னாள் படைவீரர் நல அலுவலகத்துக்குப் போனோம். அங்கிருந்தவர் மரியாதையானவர். காகிதத்தை இருமுறை படித்துவிட்டுத் தயக்கத்தோடு சொன்னார்.

"தப்பா எடுத்துக்காதீங்கம்மா. இதுல நீக்கம்னு இருக்கு. தெறமை பத்தாதுன்னும் இருக்கு. இதை வச்சு ஒங்களை முன்னாள் படைவீரர்னு எடுத்துக்க முடியாதுங்க."

பின்னால் வரிசையில் நின்ற பத்துப் பேர் காதிலும் அது விழுந்தது. அம்மா காகிதத்தை வாங்கி மடித்து, "சரிங்க, இதை மாத்திக்கிட்டு வாரேன்" என்றார். கெஞ்சவில்லை, முகம் சுருங்கவுமில்லை. பேருந்தில் எனக்குத்தான் அழுகை வந்தது. "எதுக்கு அழுவுற? எங்க மாத்தணும்னு இன்னைக்குத்தான் தெரிஞ்சிருக்கு" என்றார்.

எனக்குப் பொதுப் பிரிவிலேயே இடம் கிடைத்தது. ஆனால் அம்மா எழுதத் தொடங்கிவிட்டார். சாப்பாட்டு மேசையில் அகராதியைத் திறந்து வைத்துக்கொண்டு, ஆங்கிலத்தில், தம் கையால். வேலையைத் திருப்பித் தாருங்கள் என்று ஒரு கடிதத்திலும் அவர் கேட்கவில்லை. நீக்கம் என்பதை மதிப்புடன் விடுவிக்கப்பட்டவர் என்று மாற்ற வேண்டும், திறன் போதாது என்ற வரியை எடுக்க வேண்டும். இவ்வளவுதான். காலம் கடந்துவிட்டது என்று பதில் வந்தது. அடுத்த கடிதத்தில், "காலம் கடந்தது உண்மை. வரி இன்னும் அங்கேயே இருக்கிறது" என்று எழுதினார்.

கத்தாரில் இருந்த என் தம்பி தொலைபேசியில், "எதுக்கும்மா இந்த வயசுல? ஒங்களைப் பத்தி எங்களுக்குத் தெரியாதா?" என்றான்.

"ஒங்களுக்குத் தெரியும்டா. அந்தக் காகிதத்துக்குத் தெரியலையே."

தகவல் அறியும் உரிமைச் சட்டம் பற்றி அப்பாவுடன் வேலை பார்த்த ஓர் ஆசிரியர் விளக்கினார். அம்மா தம்முடைய ஆண்டு மதிப்பீட்டு அறிக்கைகளின் நகலைக் கேட்டு விண்ணப்பித்தார். முதலில் மறுத்தார்கள், மேல்முறையீடு செய்தார். கடைசியில் தடித்த உறை ஒன்று வந்தது. அன்று நானும் அவருடன் இருந்தேன். முதல் இரண்டு ஆண்டுகளுக்கான அறிக்கைகளிலும் 'மிக நன்று' என்று இருந்தது. மூன்றாவதில்தான் 'போதாது'. அதை எழுதியவர் அந்த மருத்துவமனைக்கு வந்து மூன்று வாரமே ஆகியிருந்த ஓர் அதிகாரி. எழுதிய தேதி, அம்மா திருமணத்தைத் தெரிவித்த கடிதத்துக்குப் பிந்தியது.

அம்மா அந்தத் தேதியின் மேல் விரலை வைத்து, இன்னொரு முறை படித்தார். பிறகு, "என் வேலையைப் பாத்து எழுதலை. என் கடுதாசியப் பாத்து எழுதியிருக்காரு" என்றார். இத்தனை ஆண்டும் ஒருவேளை நாம்தான் எங்காவது தவறிவிட்டோமோ என்ற ஐயம் அவருக்குள் இருந்திருக்கிறது என்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது. அன்றோடு அது போய்விட்டது.

வழக்கு ராணுவத் தீர்ப்பாயத்துக்குப் போனது. சென்னையில் எங்களுக்கு வாய்த்த வழக்கறிஞர், அம்மாவோடு வேலை பார்த்த யாராவது பிரமாணப் பத்திரம் கொடுத்தால் நல்லது என்றார். சாரம்மா ஆன்ட்டி அதற்குள் கர்னல் வரை உயர்ந்து ஓய்வு பெற்றிருந்தார். அவரும் திருமணம் செய்துகொண்டவர்தான். அந்த விதி ஒழியும் வரை சில ஆண்டுகள் அதைத் தெரிவிக்காமல் இருந்தவர்.

"அதையும் அவங்க சேத்து எழுதினா ரொம்ப பலம்மா. கல்யாணத்துக்கும் வேலைத் தெறமைக்கும் சம்பந்தமே இல்லைன்னு ஆயிரும்" என்றார் வழக்கறிஞர்.

அம்மா உடனே மறுத்தார். "அவ நிம்மதியா இருக்கா. இந்த வயசுல அவ பேரைக் கெடுத்து என் பேரை எடுத்துக்கணுமா? வேண்டாங்க. என் பேப்பரை வச்சே பாருங்க."

இதை நான்தான் சாரம்மா ஆன்ட்டிக்குச் சொன்னேன். அம்மாவிடம் கேட்காமல் நான் செய்த ஒரே காரியம் இதுவாக இருக்கும். அடுத்த வாரம் அவர் ரயிலேறித் திருச்சி வந்து, வாடகைக் காரில் எங்கள் வாசலில் இறங்கினார். முப்பது ஆண்டுக்குப் பிறகு பார்த்துக்கொண்ட இருவரும் முதல் ஐந்து நிமிடம் சண்டைதான் போட்டார்கள்.

"ஒன்னை யாரு வரச் சொன்னது?" என்றார் அம்மா.

"நீ உண்மை எழுதினே, வீட்டுக்கு வந்தே. நான் எழுதலை, கர்னல் ஆனேன். உன்னைவிட நான் நல்ல நர்ஸா? சொல்லு."

அம்மா அவருடைய பெட்டியை வாங்கி உள்ளே வைத்தார். ஆன்ட்டி விடவில்லை.

"அந்த லாரிப் பசங்களை யார் பார்த்தாங்க? நான் ஒரு நாள்ல மயங்கி விழுந்துட்டேன். ரெண்டாவது நாளும் நின்னது நீ. அதை நான் எழுதணும். என்னைப் பத்தியும் எழுதணும். என் பென்ஷனுக்கு என்ன வந்தாலும் வரட்டும். இது உனக்காக இல்லை, எனக்காக."

எழுதினார். நான்கு பக்கம். எழுதி முடித்துக் கையெழுத்துப் போட்ட பிறகுதான் சாப்பிட உட்கார்ந்தார். மறுநாள் இருவரையும் சித்தன்னவாசலுக்கு அழைத்துப் போனேன். பாறை நிழலில் உட்கார்ந்து இந்தியில் பேசிப் பேசிச் சிரித்தார்கள். ஓவியத்தைப் பார்க்க மேலே ஏறவே இல்லை.

விசாரணையன்று நீதிபதி, "இத்தனை காலத்துக்குப் பிறகு உங்களுக்கு என்னம்மா வேண்டும்?" என்று நேரடியாகக் கேட்டார். அம்மா எழுந்து, கைகளை உடலோடு ஒட்டி நிமிர்ந்து நின்றார். தாம் செய்த வேலை நன்றாக இருந்ததா இல்லையா என்பதைப் பார்த்தவர்களின் சொல்லை வைத்து முடிவு செய்தால் போதும் என்று ஆங்கிலத்தில் சொன்னார்.  உட்கார்ந்த பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டார்.

ஆணை வந்தது. நீக்கம் என்பது மதிப்புடன் விடுவிக்கப்பட்டார் என்று மாறியது. திறன் பற்றிய வரி பதிவேட்டிலிருந்து எடுக்கப்பட்டது. சாரம்மா ஆன்ட்டிக்கு எந்தத் தொல்லையும் வரவில்லை. அம்மா அதை நின்றுகொண்டே படித்து முடித்து, நேராக அப்பாவிடம் கொண்டுபோய்க் கொடுத்தார்.

"ஒங்களாலன்னு சொல்லிக்கிட்டே இருந்தீங்கள்ல? படிச்சுப் பாருங்க. இதுல எங்கயும் ஒங்க பேரு இல்லை."

அப்பா கண்ணாடியைக் கழற்றிவிட்டார். அதனால் படிக்க முடியவில்லை. நான்தான் படித்துக் காட்டினேன்.

முன்பு போன அந்த நல அலுவலகத்துக்கு நாங்கள் மறுபடி போனோம். அன்றிருந்தவர் ஓய்வு பெற்றிருந்தார். அவர் இடத்தில் இருந்த இளம்பெண் எழுந்து நின்று, "மேடம், இங்கிட்டு உக்காருங்க" என்று நாற்காலி போட்டார். முன்னாள் படைவீரர் அடையாள அட்டை கைக்கு வந்த அன்று மாலையே அம்மா முதல் வேலையாக அதை எடுத்துக்கொண்டு தாத்தாவின் கல்லறைக்குப் போய் வந்தார்.

அதன் பிறகு எங்கள் வீட்டுக்கு ஆட்கள் வரத் தொடங்கினார்கள். தகப்பனார் சாவுக்கு வந்து விடுப்பு முடிந்தும் திரும்பாததால் நீக்கப்பட்டவர், நோயை மறைத்ததாக எழுதி அனுப்பப்பட்டவர் என்று பலர். எல்லோருக்கும் வெற்றி கிடைக்கவில்லை. தகுதியில்லாத கோரிக்கை என்று பட்டால் அம்மா முகத்துக்கு நேரே சொல்லிவிடுவார். மற்றவர்களுக்கு மனு எழுதிக் கொடுத்தார். விடுப்பு முடிந்தும் நோயுற்ற தாயோடு தங்கிவிட்டதால் நீக்கப்பட்டு, குன்றாண்டார்கோவில் பக்கத்திலிருந்து வந்த ஒரு முன்னாள் சிப்பாய், 'கருணை கூர்ந்து' என்று தொடங்கும் மனுவைக் கொண்டுவந்தார். அம்மா அந்த இரண்டு சொல்லையும் அடித்தார்.

"கருணை எதுக்குங்கய்யா? தாயைப் பாத்துக்க வீட்டுல வேற ஆளு இல்லை, தந்தி குடுத்திருக்கீங்க, ரசீது கையில இருக்கு. கோருகிறேன்னு எழுதுங்க."

அவருடைய மனுதான் அம்மா எழுதிய கடைசி மனு. சிறுநீரகம் பழுதாகி வாரம் இருமுறை ரத்தச் சுத்திகரிப்புக்குப் புதுக்கோட்டைக்குப் போய் வந்த நாட்களில், சிகிச்சைப் படுக்கையில் இருந்தபடி வாய்மொழியாகச் சொல்ல, அதை நான் எழுதினேன். கடைசி வாரத்திலும் அங்கிருந்த செவிலியர்களுக்கு ஊசி ஏற்றும் இடத்தைக் காட்டிக் கொடுத்துக்கொண்டுதான் இருந்தார். வலிக்குப் பயந்ததில்லை. ஒரு காலை வேளையில், அப்பாவின் கையைப் பிடித்தபடி அமைதியாகப் போனார்.

அம்மாவைத் தம் தாயைப் போல் கவனித்துக்கொண்ட மருத்துவர்களுக்கும் செவிலியர்களுக்கும், ஒவ்வொரு முறையும் ஆட்டோவை வாசல் வரை கொண்டுவந்து தூக்கி அமர்த்திய பக்கத்து வீட்டுத் தம்பிக்கும், அடக்கத் திருப்பலி நிறைவேற்றிய பங்குத்தந்தைக்கும், வழக்கை நடத்தித் தந்த வழக்கறிஞருக்கும், தள்ளாத உடலோடு கோட்டயத்திலிருந்து வந்து கல்லறை வரை நடந்த சாரம்மா ஆன்ட்டிக்கும் எங்கள் குடும்பம் என்றும் கடமைப்பட்டிருக்கிறது. ஊர்ப் பேச்சுக்கு நடுவிலும் அம்மாவை விட்டுக்கொடுக்காத பெரிய மாமா வீட்டாருக்குத் தனியே நன்றி சொல்ல வேண்டும்.

இன்னொருவரும் இருக்கிறார். இந்த மலரை அச்சுக்குக் கொடுக்க இரண்டு நாள் இருக்கும்போது, அந்த முன்னாள் சிப்பாய் வீட்டுக்கு வந்தார். கையில் ஓர் உறை. அவருடைய கோரிக்கை ஏற்கப்பட்டிருந்தது. அம்மாவின் படத்துக்கு முன் செருப்பைக் கழற்றிவிட்டு நின்று, ஆணையை முதல் எழுத்திலிருந்து கடைசிக் கையெழுத்து வரை சத்தமாக வாசித்தார். ஆங்கிலம் தடுக்கிய இடங்களில் அப்பா எடுத்துக்கொடுத்தார். வாசித்து முடித்ததும் என்னிடம் திரும்பி, "எங்க ஊர்ல இன்னொரு ஆளும் இதே மாதிரி பேப்பர் வச்சிருக்காருங்க. கூட்டிட்டு வரட்டுங்களா?" என்று கேட்டார்.

ஞாயிற்றுக்கிழமை வரச் சொல்லியிருக்கிறேன்.